மட்டக்களப்பில் வாடகை வீடு: அட்வான்ஸ், புரோக்கர் காசு, எக்ரிமென்ட் செலவு. எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாது?

#1 வாவிக்கரை

ஜனவரியிலிருந்து மட்டக்களப்பில வேலை. கல்லடி, நாவற்குடா, நொச்சிமுனைப் பக்கம் ரெண்டறை வீடு தேவை. புரோக்கர் ஒருத்தர் ஒரு வீட்டுக்குச் சொன்ன கணக்கு இது:

மாத வாடகை 30,000
அட்வான்ஸ் 360,000
புரோக்கர் கொமிஷன் 30,000
எக்ரிமென்ட் செலவு 15,000
கரண்ட், தண்ணி டெபொசிட் 10,000
வேற ஆளுக்குக் குடுக்காம மறிச்சு வைக்க டோக்கன் 20,000

இதைவிட, வீடு காட்டக் கூட்டிப் போற ஒவ்வொரு தரமும் 1,000 கேக்கிறார். இதில எது ஊர் வழமை, எது திரும்பி வரும், எது தலையில கட்டுற காசு? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

#2 உறுதிப்பெட்டி

முதல்ல அந்த 360,000ஐப் பாருங்க, மிச்சமெல்லாம் சில்லறை. அந்தக் காசு மாசாமாசம் கழியுமா, அப்படியே கிடந்து கடைசியில திரும்புமா எண்டு புரோக்கர் சொல்லல்ல, நீங்களும் கேக்கல்ல. சண்டை எல்லாம் அதிலதான் தொடங்கும். இங்க ஓடுறது மூண்டு வகை.

முதலாவது, முழுக்கக் கழியிற அட்வான்ஸ். 12 மாத வாடகையை முன்னுக்கே கட்டிட்டீங்க, அந்த வருஷம் மாசம் மாசம் ஒண்டும் குடுக்கத் தேவையில்ல, வருஷம் முடிய ஒண்டும் திரும்பவும் வராது. இதில ஆபத்து இடையில எழும்பினா. அஞ்சாம் மாசம் உங்களுக்கு இடமாற்றம் வந்தா மிச்சம் 7 மாசத்துக்கான 210,000 என்ன ஆகும்? எழுதாட்டி, வீட்டுக்காரர் நல்ல மனுசனா இருந்தா வரும்.

ரெண்டாவது, பாதி கழியிறது. 360,000 குடுத்துட்டு மாசம் 15,000 கையில கட்டுவீங்க, மற்ற 15,000 அட்வான்ஸில கழியும். 24 மாசத்தில அட்வான்ஸ் தீரும். ரெண்டு வருஷத்துக்கு இருக்கிற ஆக்களுக்கு இது பரவாயில்ல. ஆனா ஒவ்வொரு மாசமும் "மீதி இவ்வளவு" எண்டு ரசீதிலயே எழுதுவிக்கணும். பதினெட்டாம் மாசம் கணக்குப் பார்க்கிறபோது ரெண்டு பேரும் ரெண்டு தொகை சொல்லுவாங்க.

மூண்டாவது, கழியாத டெபொசிட். வாடகை முழுசா மாசம் மாசம் கட்டணும், டெபொசிட் போகும்போது திரும்பும். இந்த வகையில 360,000 கேட்டா அது அநியாயம். ரெண்டு மூண்டு மாத வாடகைக்கு மேல டெபொசிட்டா வைக்க எந்த நியாயமும் இல்ல.

எந்த வகை எண்டு கேட்டுட்டு வாங்க, மறுகா மிச்சத்தைப் பேசலாம்.

#3 மஞ்சந்தொடுவாய்_நானா

புரோக்கர் பக்கத்தை நான் சொல்றன். கொமிஷனுக்கு அரசாங்க விலை எண்டு ஒண்டும் இல்ல, பேசினதுதான் கணக்கு. ஒரு மாத வாடகை எண்டு கேப்பாங்க, அரை மாசத்துக்கு இறங்குவாங்க. கேக்க வேண்டிய கேள்வி: "வீட்டுக்காரரிட்டயும் எடுக்கிறீங்களா?" அங்கயும் ஒரு மாசம், இங்கயும் ஒரு மாசம் எடுக்கிறவர் உங்களுக்காக விலை பேச மாட்டார். வாடகை கூடக் கூட அவருக்கும் கூடுது.

ஒரு வீட்டுக்கு மூண்டு புரோக்கர் கோர்த்து நிப்பாங்க. வீட்டுக்காரரைத் தெரிஞ்சவர் ஒருத்தர், அவருக்குச் சொன்னவர் ஒருத்தர், உங்களைக் கூட்டிப் போறவர் இன்னொருத்தர். பங்கு பிரிக்கணும் எண்டுதான் கொமிஷன் இறங்காது. அதே வீடு ஐக்மன் விளம்பரத் தளத்திலயும் பேஸ்புக் குரூப்பிலயும் வீட்டுக்காரரின் நம்பரோட கிடக்கும். போட்டோவில கேற்றையும் மதிலையும் வச்சே கண்டுபிடிச்சிரலாம்.

கொமிஷன் குடுக்கிறது திறப்பு கையில வந்த பிறகு. அட்வான்ஸ் பேசின அண்டைக்கு இல்ல. வருஷம் முடிஞ்சு எக்ரிமென்டைப் புதுப்பிக்கிறபோது திரும்பக் கொமிஷன் கேட்டு வருவாங்க. அதுக்கு ஒரு சதமும் தேவையில்ல, வீட்டைத் தேடித் தந்த வேலை முதல் வருஷமே முடிஞ்சுது.

வீடு காட்ட 1,000? ஓட்டோக் காசு எண்டா ஓட்டோக் காசு குடுங்க. காட்டுறதுக்கே காசு வாங்குறவருக்கு வீடு பிடிக்காமப் போனாத்தான் லாபம்.

#4 ஊறணிச்சந்தி

டோக்கன் விசயத்தில கவனம். போட்டோவை மட்டும் வட்ஸ்அப்பில அனுப்பி, "இன்னொருத்தர் பின்னேரம் வாறார், இப்பவே ஈசி கேஷ்ல (போன்ல காசு அனுப்புறது) 20,000 போடுங்க" எண்டா அந்த வீடே வாடகைக்கு இல்லாம இருக்கலாம். உள்ளுக்குப் போய்ப் பார்க்காம, திறப்பு வச்சிருக்கிறது ஆர் எண்டு தெரியாம டோக்கன் இல்ல.

குடுத்தே ஆகணும் எண்டா புரோக்கரிட்டக் குடுக்காதீங்க, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போடுங்க. குறிப்பில வீட்டு இலக்கத்தை எழுதுங்க. வட்ஸ்அப்பில ஒரு வரி வாங்குங்க: இந்தத் திகதி வரைக்கும் வீடு மறிச்சு வைக்கப்படும், எக்ரிமென்ட் எழுதினா டோக்கன் அட்வான்ஸில கழியும், வீட்டுக்காரர் பின்வாங்கினா முழுசா திரும்பும். நீங்க பின்வாங்கினா போகும், அது நியாயம்தான்.

எக்ரிமென்டுக்கு நொத்தாரிசு (காணி, வீட்டுப் பத்திரம் எழுதுற சட்டத்தரணி) எல்லாம் தேவையில்ல. கடையில விக்கிற வாடகை ஒப்பந்தப் பத்திரம் வாங்கி, ரெண்டு சாட்சி, சமாதான நீதவானிட சீல். ஊரில பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறாங்க. 15,000 மிச்சம்.

#5 உறுதிப்பெட்டி

ஊறணிச்சந்தி டோக்கன் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. கடைசிப் பந்தி பிழை, இந்தப் பிழையை நம்பித்தான் சனம் லெச்சக்கணக்கில குடுக்குது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீடு வளவைக் குத்தகைக்குக் குடுக்கிறதா இருந்தா, நொத்தாரிசு ஒருத்தருக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால எழுதி ஒப்பமிடணும். இல்லாட்டி அந்தக் குத்தகை சட்டத்தின் முன்னால செல்லாது. சமாதான நீதவான் சீல் குத்தினா நொத்தாரிசு உறுதி ஆகாது, அவர் எத்தினை சீல் குத்தினாலும். கடைப் பத்திரத்தில "ஒரு வருஷம்" எண்டு எழுதியிருந்தாலும் கையில இருக்கிறது மாதாந்த வாடகைதான். வீட்டுக்காரர் ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் தந்து எழும்பச் சொல்லலாம். மார்ச் 10 அறிவித்தல் தந்தா ஏப்ரல் 30 கடைசி நாள்.

குடுத்த காசுக்கு அந்தக் கடதாசி ஆதாரமா நிக்கும், அதை மறுக்கல்ல. அட்வான்ஸைத் திருப்பிக் கேக்க உதவும். ஆனா "வருஷம் முடியும் வரைக்கும் நான் இருப்பன்" எண்டு சொல்ல உதவாது. மூண்டு மாச டெபொசிட் குடுத்து மாத வாடகைக்கு இருக்கிற ஆளுக்குக் கடைப் பத்திரம் போதும். ஒரு வருஷக் காசை முன்னுக்குக் கட்டுறவருக்குப் போதாது.

இனி அந்த 15,000. முத்திரை வரி முழுக் காலத்துக்குமான வாடகையில கணக்குப் பார்க்கிறது. ஆயிரத்துக்கு 10 ரூபாவா இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 20 ரூபா. உங்கட கணக்கில 30,000 × 12 = 360,000, அதுக்கு 7,200 ரூபா. மிச்சம் நொத்தாரிசின் கூலியும் காணிப் பதிவகத்தில பதியிற செலவும். நொத்தாரிசு எழுதிப் பதிஞ்சு தாறதா இருந்தா 15,000 பெரிய விலையில்ல. கடைப் பத்திரத்தை நிரப்பித் தந்துட்டு 15,000 எடுத்தா அது பகல் கொள்ளை. "எந்த நொத்தாரிசு, எத்தினையாம் இலக்க உறுதி, முத்திரை வரி கட்டின சிட்டை எங்க" எண்டு கேளுங்க. செலவை ரெண்டு பக்கமும் பாதி பாதி போடுறது வழமை, அதையும் கேளுங்க. நொத்தாரிசை ஆர் பிடிச்சாலும் வரைவை ஒப்பமிட முன்னம் வாசிக்கத் தரச் சொல்லுங்க. ஒப்பமிடுற மேசையில வச்சு வாசிக்கிறதெல்லாம் வாசிப்பில்ல.

#6 கல்முனை_காக்கா

எல்லாரும் வெளியூர்க் கணக்கில கதைக்கிறீங்க. கிழக்கில வீடு ஆர்ர பேர்ல இரிக்கி எண்டு முதல் பார்க்கோணும். மட்டக்களப்பிலயும் சரி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, தமிழராகட்டும் முஸ்லிமாகட்டும், வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். வாப்பாவோ அப்பாவோ நிண்டு வீட்டைக் காட்டுவார், விலை பேசுவார், சல்லியும் எண்ணி எடுப்பார். உறுதி (வீட்டுப் பத்திரம்) மகள்ட பேர்ல. மகள் கட்டார்லயோ கனடாவிலயோ. மருமகனுக்கு விசயமே தெரியாது. ரெண்டு வருசத்தில அவங்க வந்து "எங்கட வீடு, எழும்புங்க" எண்டா வாப்பாவோட எழுதின எக்ரிமென்ட வச்சி என்ன செய்ற?

உறுதியின்ட போட்டோப் பிரதி கேளுங்க. முன் பக்கத்தில பேர் இரிக்கும். அந்தப் பேருக்குரிய ஆள் ஒப்பம் வைக்கோணும், இல்லாட்டி அவர் குடுத்த அற்றோனித் தத்துவம் (அவருக்காக வேற ஆள் ஒப்பம் வைக்கக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) பதிஞ்சதா இரிக்கோணும், அதில வாடகைக்குக் குடுக்கிற அதிகாரம் எழுதி இரிக்கோணும். வழக்குப் பேச மட்டும் குடுத்த தத்துவத்தை நீட்டுவாங்க, வாசிச்சுப் பாருங்க. சில உறுதியில தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து (உசிரோட இரிக்கிறவரைக்கும் அனுபவிக்கிற உரிமை) எழுதி வச்சிரிப்பாங்க. அப்படியெண்டா வாப்பா ஒப்பம் வைக்கலாம், ஆனா அவர்ர காலத்துக்குப் பிறகு அந்தக் குத்தகை நிக்குமா எண்டு சிக்கல் வரும். மகள்ட ஒப்பத்தையும் எடுத்தா நல்லம்.

#7 உறுதிப்பெட்டி

காக்கா சொன்னது இந்த இழையிலயே பெறுமதியான விசயம். அதோட ஒண்டைச் சேர்க்கிறன். ஒப்பக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்தது), உறுதிக் காணியா எண்டு பாருங்க. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் குடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமக் குத்தகைக்கு எழுத ஏலாது. நொத்தாரிசு எழுத மாட்டார், அதனாலதான் "கடைப் பத்திரம் போதும்" எண்டு வீட்டுக்காரர் அவசரப்படுவார். அப்படியான வீட்டில இருக்கக் கூடாது எண்டில்ல. வருஷக் காசை முன்னுக்குக் குடுக்காதீங்க, மாத வாடகையோட நில்லுங்க.

உறுதியில பதிவுத் தொகுதியும் பக்கமும் இருக்கும். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில அதைக் குடுத்துத் தேடினா ஈடு (அடமானம்) இருக்கா எண்டு தெரியும். வங்கிக்கு ஈடு வச்ச வீடு எண்டா கடன் கட்டாட்டி வங்கி ஏலம் போடும், உங்கட குத்தகை அதுக்குப் பிந்தினது. கம்மியான காசுக்கு இவ்வளவு மினக்கெட வேணாம், ஆனா ஒத்தி மாதிரி "வாடகை இல்ல, 15 லெச்சம் தந்துட்டு ரெண்டு வருஷம் இருங்க" எண்டு வாறவங்களுக்கு இது கட்டாயம். அந்தக் காசைத் திருப்பித் தர அவரிட்ட என்ன இருக்கு எண்டு யோசியுங்க. வீட்டை உங்களுக்கு ஈடா எழுதிப் பதியாட்டி நீங்க வட்டியில்லாக் கடன் குடுத்த ஆள், அவ்வளவுதான்.

#8 ட்ரிப்சுவிட்ச்

அட்வான்ஸ் பெரிசு எண்டு எல்லாரும் அதையே பார்ப்பாங்க, கரண்ட் பில்லில மெதுவா உரியிறதைப் பார்க்க மாட்டாங்க.

மின்சார சபைக் கணக்கு இலக்கம் 10 இலக்கம். பழைய பில் ஒண்டை வாங்கி 1987க்கு எடுத்துக் கேட்டா நிலுவை சொல்லுவாங்க. தண்ணிக்கு 1939. சிவப்பு பில் (கட்டாட்டி வெட்டுவம் எண்டு வாறது) வந்து கிடக்கிற வீட்டுக்குள்ள போய், பழையவரின் பாக்கியை நீங்க கட்டி இணைப்பைத் திருப்பி எடுக்கிற நிலை வரக்கூடாது. சபைக்குக் கட்டின பாதுகாப்பு வைப்பு வீட்டுக்காரரின் பேர்ல இருக்கு, அதை உங்களிட்டக் கேக்க ஏலாது. அந்த 10,000 வேற விசயம், கடைசிப் பில்லுக்காக அவர் கையில வைக்கிறது. வாங்கட்டும், ஆனா "கடைசிப் பில் கட்டின சிட்டையைக் காட்ட அதே நாள் திருப்பித் தரப்படும்" எண்டு எழுதுவியுங்க.

மீட்டரைப் பாருங்க. பிரதான சுவிட்சை நிப்பாட்டிட்டு மீட்டர் லைட் மின்னுதா எண்டு பார்க்கணும். ஒரு யூனிட்டுக்கு எத்தினை தரம் மின்னும் எண்டு மீட்டரிலயே அச்சடிச்சிருக்கும். எல்லாத்தையும் நிப்பாட்டின பிறகும் மின்னினா அந்த மீட்டரில பின் வீடோ கிணத்து மோட்டரோ வேற ஒண்டும் தொங்குது.

மேல வீடு கீழ வீடு ரெண்டுக்கும் ஒரே மீட்டர் எண்டா பில் ஏறுற விதம் வேற. வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 யூனிட் எண்டு படிப்படியா ஏறுது, நிலையான கட்டணமும் அதோட ஏறும். தனித்தனி மீட்டரில ரெண்டு வீடும் ஆளுக்கு 80 எரிச்சா ரெண்டும் 61–90 படியில நிக்கும். ஒரே மீட்டரில 160 ஆகி 121–180 படிக்குள்ள போயிரும். அதே கரண்ட், கூடின காசு. சப் மீட்டர் வச்சு "யூனிட்டுக்கு இவ்வளவு" எண்டு வீட்டுக்காரர் ஒரு விலை சொல்லுவார், ஒத்துக்கொள்ளாதீங்க. முழுப் பில் ÷ முழு யூனிட் × உங்கட யூனிட். அதுக்கு மேல போனா அது வியாபாரம்.

ட்ரிப் சுவிட்சில (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) சின்னதா ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினா விழணும். விழாட்டி திறப்பு வாங்க முன்னம் மாத்தச் சொல்லுங்க. வாவிக் கரை வீடுகளில சுவர் ஈரிச்சு மாரியில அடிக்கடி விழுற வயரிங் நிறைய. அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை.

#9 மாமாங்கத்து_வளவு

வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் எல்லாம் கள்ளர் மாதிரிக் கதைக்கிறீங்க. மற்றப் பக்கத்தையும் கேளுங்க. வாடகைக்காரர் மூண்டு மாசம் பில் கட்டாமப் போனா இணைப்பு வெட்டுப்படுறது வீட்டுக்காரரின் பேர்ல. மலசலகூடக் கதவு, பைப், மோட்டர் எல்லாம் உடைச்சிட்டுப் போவாங்க. எழும்ப மாட்டம் எண்டு நிண்டா வழக்கு வருஷக்கணக்கில இழுபடும். அதனாலதான் பெரிய அட்வான்ஸ். சும்மா ஆசையில இல்ல.

#10 உறுதிப்பெட்டி

மாமாங்கத்தார் சொல்றது பழைய பயம், அதில நியாயமும் இருக்கு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரை எழுப்ப விடாம வச்சிருந்த காலம் ஒண்டு. 2002 திருத்தத்துக்குப் பிறகு புதுசா வாடகைக்குப் போற வீடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு வந்தது, காலம் முடிஞ்சும் எழும்பாத வாடகைக்காரரிட்டயிருந்து வீட்டை விரைவா மீட்கிறதுக்கு. ஆக ஒழுங்கா எழுதின எக்ரிமென்ட் வீட்டுக்காரருக்கும் கவசம். வருஷ அட்வான்ஸ் எடுத்துட்டுக் கடைப் பத்திரத்தில நிக்கிறவர் தன்ர தலையிலயும் மண் போடுறார்.

இன்னொண்டு. கோவத்தில கரண்டை வெட்டுறது, கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போடுறது எல்லாம் செய்யாதீங்க. பொலிசில முறைப்பாடு போனா 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில விசயம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்க பார்க்கிறது உறுதி ஆர்ர பேர்ல எண்டில்ல, ஆர் இருந்தது எண்டுதான்.

#11 ஈஸ்ட்ஹாம்_மட்டுநகரான்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். இங்கிலாந்தில 2019 யூன் 1 தொடக்கம் ஏஜென்சி வாடகைக்காரரிட்டக் கட்டணம் வாங்கத் தடை. வீடு காட்ட, பேப்பர் எழுத, புதுப்பிக்க ஒண்டுக்கும் வாங்க ஏலாது. மறிச்சு வைக்கிற காசு ஒரு கிழமை வாடகைக்கு மேல போகக்கூடாது. டெபொசிட் வருஷ வாடகை 50,000 பவுணுக்குக் குறைஞ்ச வீட்டுக்கு அஞ்சு கிழமை வாடகை, அதையும் 30 நாளைக்குள்ள அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டம் ஒண்டில போடணும். வெளிநாட்டில இருந்து ஊர் வீட்டை வாடகைக்குக் குடுக்கிற நம்மட ஆக்கள், இங்க தாங்க வாடகைக்காரரா இருக்கிறபோது கேக்கிற ரசீதையும் இன்வென்டரியையும் அங்க தங்கட வாடகைக்காரருக்கும் குடுக்கலாம்தானே.

#12 ஒலுவில்_போர்டிங்

கம்பஸ் போர்டிங் (பல்கலைக்கழகப் புள்ளைகள் தங்கிற வாடகை இடம்) தேடுற ஆக்களுக்கு, ஒலுவில் எண்டாலும் வந்தாறுமூலை எண்டாலும் ரெண்டு விசயம். தலைக்கு இவ்வளவு எண்டு வாடகை பேசினீங்களா, முழு வீட்டுக்குமா? முழு வீட்டுக்கு எண்டா நாலு பேரில ஒராள் விட்டுப் போனா அவர்ர பங்கு மற்ற மூண்டு பேரின் தலையில விழும். மற்றது லீவு மாசம். கம்பஸ் மூடுற மாசத்துக்கு முழு வாடகையா, பாதியா, சாமான் வைக்கிறதுக்கு மட்டும் ஒரு தொகையா எண்டு சேர முதல் பேசோணும்.

பொத்துவில், அறுகம்பேப் பக்கம் வீடு எடுக்கிற உத்தியோகத்தருக்கும் ஒரு சொல்: சுற்றுலா சீசனுக்கு ஏப்ரல், மே மாசத்தோட எழும்பச் சொல்லுவாங்க, வெள்ளைக்காரன் நாளுக்குத் தாற காசு நீங்க மாசத்துக்குத் தாறதில பெரும் பங்கு. காலம் எழுதின நொத்தாரிசு எக்ரிமென்ட் இல்லாம அங்க அட்வான்ஸ் குடுக்காதீங்க.

#13 மாரித்தண்ணி

ஜனவரியில வாறீங்க எண்டா ஒரு வகையில நல்லம், வீட்டை மாரியோட பார்க்கலாம். கோடையில பார்த்தா எல்லா வீடும் அழகு.

சுவரில பெயின்ட் அடிச்ச உயரத்தைப் பாருங்க. கீழ மூண்டு நாலு அடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் எண்டா அதுக்குக் கீழ வெள்ளக் கோடு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிட்ட "2011 ஜனவரி வெள்ளம் எதுவரைக்கும் வந்தது" எண்டு கேளுங்க, கையைக் காட்டிச் சொல்லுவாங்க. முகத்துவாரம் (வாவி கடலோட சேர்ற வாய்) வெட்டி வாவித் தண்ணி இறங்கிறவரைக்கும் வடியாத ஒழுங்கைகள் இருக்கு.

வெள்ளம் வந்தா முதல்ல நிறையிறது மலசலகூடக் குழி. கழுவினாலும் போகாது, திருப்பி மேல வரும். மாநகர சபைப் பவுசரைக் கூப்பிட்டுக் குழி இறைக்கிற செலவு ஆருக்கு எண்டு எக்ரிமென்டில ஒரு வரி. குடியேற முதல் நிறைஞ்சிருந்த குழி வீட்டுக்காரருக்கு, பாவனையில நிறைஞ்சா வாடகைக்காரருக்கு, வெள்ளத்தில நிறைஞ்சா பாதி பாதி. இது நியாயமான பிரிப்பு. குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி இடைவெளி இருக்கா எண்டு கால் நடையில அளந்து பாருங்க. மணல் தரை, நிலத்தடித் தண்ணி மேலயே கிடக்கு. சின்ன வளவில இந்த இடைவெளி இருக்காது, அப்ப கிணத்துத் தண்ணி குளிக்கத்தான், குடிக்கக் குழாய்த் தண்ணி இருக்கணும்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் எண்டா இன்னொண்டு: உப்புக் காத்தில ஜன்னல் கிறில், கேற் எல்லாம் துருப்பிடிக்கும். போகும்போது "கிறில் பழுது" எண்டு டெபொசிட்டில வெட்டுவாங்க. குடியேறுற அண்டைக்கே எல்லாக் கிறிலையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில அனுப்பி வையுங்க. திகதி தானா நிக்கும்.

#14 வாவிக்கரை

எல்லாருக்கும் பெரிய உபகாரம். கேட்டுட்டு வந்தன். அட்வான்ஸ் பாதி கழியிற வகையாம், ரெண்டு வருஷம். உறுதி வீட்டுக்கார அம்மாவின் பேர்லயே இருக்கு, உறுதிக் காணி. நொத்தாரிசிட்ட எழுத ஒத்துக்கொண்டாங்க. புரோக்கர் அரை மாசத்துக்கு இறங்கினார், வீடு காட்டுற காசை விட்டுட்டார். வரைவில அட்வான்ஸ் பற்றி இப்படி இருக்கு:

"வாடகையாளர் முற்பணமாக ரூபா 360,000 செலுத்தியுள்ளார். குத்தகைக் காலம் முடிவடைந்ததும் சேதங்கள் கழித்து மீதித் தொகை திருப்பிச் செலுத்தப்படும்."

இது போதுமா?

#15 உறுதிப்பெட்டி

போதாது. மாசம் 15,000 கழியுது எண்டே அதில இல்ல. இப்படி எழுதினா நீங்க மாசம் 30,000 முழுசா கட்டணும் எண்டு வாதாடலாம். "சேதங்கள்" எண்டா என்ன, ஆர் மதிப்பிடுறது, எத்தினை நாளில திருப்பித் தாறது, இடையில எழும்பினா என்ன, ஒண்டும் இல்ல. இதை மாத்திப் போடச் சொல்லுங்க:

"வாடகையாளர் முற்பணமாகச் செலுத்திய ரூபா 360,000 இலிருந்து மாதந்தோறும் ரூபா 15,000 வாடகையில் கழிக்கப்படும். மீதி ரூபா 15,000 ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கு முன் வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். இரு தரப்பில் எவரும் இரண்டு மாத எழுத்து மூல அறிவித்தலுடன் குத்தகையை முடிக்கலாம். அவ்வாறு முடித்தால் கழிக்கப்படாத முற்பணம் திறப்பு ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் திருப்பிச் செலுத்தப்படும். சாதாரண பாவனைத் தேய்மானமும் வர்ணப்பூச்சு மங்குதலும் சேதமாகக் கொள்ளப்படா. சேதத்துக்காகக் கழிக்கும் தொகைக்குப் பற்றுச்சீட்டு காட்டப்படும்."

பெயின்ட் வரியை விடாதீங்க. டெபொசிட்டில வெட்டுறதுக்கு எல்லாரும் முதல்ல கையை வைக்கிறது பெயின்டிலதான்.

ரெண்டு வருஷம் எண்டபடியா முத்திரை வரி இரட்டிக்கும்: 30,000 × 24 = 720,000, வரி 14,400. இப்ப 15,000க்குள்ள எல்லாம் முடியாது, நொத்தாரிசுக் கூலியோட கூடும். பாதி பாதி எண்டு பேசுங்க. காசை வங்கியால போடுங்க. கையில குடுத்தா 25,000க்கு மேற்பட்ட தொகைக்கு 25 ரூபா முத்திரை ஒட்டின ரசீது.

#16 மஞ்சந்தொடுவாய்_நானா

பின்னுக்குப் பிரச்சினை வந்து அட்வான்ஸைத் தராட்டி உடனே லோயரிட்ட ஓடாதீங்க. முதல் ஒரு கடிதம், பதிவுத் தபாலில. தொகை, திறப்பு குடுத்த திகதி, எத்தினை நாள் தவணை எல்லாம் எழுதி. அதுக்கும் அசையாட்டி மத்தியஸ்த சபை. அங்க சட்டத்தரணி வர ஏலாது, ரெண்டு பேரும் நேரடியா இருந்து கதைக்கணும். தீராட்டி தீராத சான்றிதழ் தருவாங்க, அதோட நீதிமன்றம். வசதி குறைஞ்ச ஆக்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பில இருக்கு.

#17 வாவிக்கரை

அம்மா வரைவை மாத்த ஒத்துக்கொண்டாங்க, 14 நாளை 30 நாளாக் கேக்கிறாங்க. குடுக்கலாமா? மற்றது திறப்பு டிசம்பர் 28 தாறாங்களாம், வாடகை ஜனவரி 1 இலிருந்து.

#18 உறுதிப்பெட்டி

30 நாள் பரவாயில்ல, அந்த அம்மாவும் அடுத்த வாடகைக்காரர் வந்தாத்தான் காசைப் புரட்டணும். திகதியை மட்டும் ரெண்டா எழுதுவியுங்க: திறப்பு ஒப்படைத்தது டிசம்பர் 28, குத்தகை தொடங்குறது ஜனவரி 1.

#19 ட்ரிப்சுவிட்ச்

28ஆம் திகதி திறப்பு வாங்கிறபோதே கரண்ட் மீட்டர், தண்ணி மீட்டர் ரெண்டின் வாசிப்பையும் போட்டோ எடுத்து, எண்ணை எக்ரிமென்டின் கடைசிப் பக்கத்தில எழுதி ரெண்டு பேரும் சுருக்கொப்பம் வையுங்க. முதல் பில் 28க்கு முன்னாலயும் பின்னாலயும் கலந்துதான் வரும். அந்த எண்ணை வச்சுப் பிரிக்கலாம்.